எஞ்சின் பின்னால் வரும், தம்பி

அக்கா மகளின் ப்ரீ வெட்டிங் ஷூட்டைக் குன்னூர் ரயில் நிலையத்தில் நடத்துவது என்று முடிவானதும், கூடப் போய் வர ஒரு பெரியவர் வேண்டும் என்று வீட்டில் என்னை அனுப்பி வைத்தார்கள். நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. யாரும் கேட்காமல் யோசனை சொல்வது அந்த வேலையில் சேராது என்பதை, வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொண்டேன்.

கோவையிலிருந்து வந்திருந்த போட்டோகிராபர் தம்பி, படத்தை மனத்துக்குள் ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தார். மலைரயில் புகையைக் கக்கிக்கொண்டு நிலையத்துக்குள் நுழையும். எஞ்சினின் கரிய முகம் பின்னணியை அடைத்துக்கொண்டு நிற்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்தபடி திரும்பிப் பார்ப்பார்கள். “தம்பி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் வரும்” என்றேன். “ரயில்னா எஞ்சின் முன்னாடிதான் அங்கிள் இருக்கும்” என்று, குழந்தைக்குச் சொல்வதைப் போல அன்பாகச் சொல்லிவிட்டு அவர் லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் விடவில்லை. 1899-இல் குன்னூர் வரை போட்ட இந்தப் பாதையில், கல்லாற்றிலிருந்து இங்கே வரும் வரை ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் இருப்பதையும், அதற்காகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும்படி அமைத்திருப்பதையும், தப்பித் தவறி இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டுவிடாமல் தாங்குவதற்காகத்தான் எஞ்சினைக் கீழ்ப்பக்கம் நிறுத்துகிறார்கள் என்பதையும் மாப்பிள்ளையிடமாவது சொல்லிவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். கொக்கி அறுவதற்குள் அவருக்கு முகத்தில் பவுடர் போட ஆள் வந்துவிட்டது.

காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி வந்து சேரப் பத்தரை மணி ஆகும். அதுவரை குளிரில் பட்டுப்புடவையோடு நின்ற பெண், போட்டோவுக்குச் சிரிக்கிறாளா, நடுங்குகிறாளா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒருவழியாக விசில் கேட்டது. வளைவுக்குப் பின்னால் புகையும் தெரிந்தது. “ரெடி, ரெடி!” என்று தம்பி தரையில் ஒரு முழங்காலை ஊன்றினார், கேமரா மழை பெய்வது போலச் சடசடத்தது. வளைவில் திரும்பி வந்ததோ, ஒரு நீலப் பெட்டி. அதன் முகப்புத் திண்ணையில், கையில் பச்சைக்கொடியோடு, பாதையிலிருந்து பார்வையை எடுக்காத பிரேக்ஸ்மேன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பிளாட்பார ஓரத்தில் கைகோத்து நின்ற இருவரையும் கண்டதும், “உள்ளே தள்ளி நில்லுங்க!” என்று வலது கையை உயர்த்தினார். எஞ்சின், அவருக்குப் பின்னால் எல்லாப் பெட்டிகளும் வந்து முடிந்த பிறகு, தன் பாட்டுக்குப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நானும் பெருந்தன்மையாக நகைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒடுங்கி உட்கார்ந்து வந்த கூட்டம் இறங்கிவிட்டது. பாதிப் பேர் டீக்கும் பாத்ரூமுக்கும் ஓட, மீதிப் பேர் மணமக்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு பாட்டி என்னிடம் வந்து, “எந்த சீரியல்ப்பா?” என்று கேட்டார். கல்யாணப் பெண் என்றதும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடாமல், பேரனை நடுவில் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டுதான் போனார்.

பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சின் தனியே நகர்ந்தபோது, தம்பிக்கு மறுபடியும் உயிர் வந்தது. மணமக்களை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடிக்கு ஓடினார். சரியாக அந்தக் கணத்தில் எஞ்சின் பக்கவாட்டில் ‘புஸ்’ஸென்று நீராவியை விட்டது. அந்தப் படங்களைப் பிறகு பார்த்தேன்: வெள்ளை. ஒன்றில் மட்டும் மாப்பிள்ளையின் ஷூ தெரிகிறது. “அண்ணா, ஒன்ஸ் மோர்!” என்று தம்பி கத்த, டிரைவர் சிரித்துக்கொண்டே கையை அசைத்துவிட்டு ஷெட் பக்கம் போய்விட்டார்.

“பரவாயில்லை, மேலே லவ்டேல் ஸ்டேஷன்ல பிடிச்சிடலாம்” என்றார் தம்பி. குன்னூரைத் தாண்டினால் பல்பட்டை கிடையாது, வழக்கமாக டீசல் எஞ்சின்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்ணே என் கையைப் பிடித்து அழுத்தி, “விடுங்க மாமா, நேரில் பார்த்துக்கட்டும்” என்றாள்.

கடைசியில் தேறியது அந்த முதல் படம்தான். பிரேக்ஸ்மேனை அழித்துத் தருவதாகத் தம்பி சொன்னதற்கு, அவர் இருந்தால்தான் படமே நன்றாயிருக்கிறது என்று பெண் மறுத்துவிட்டாள். அது உண்மைதான். ஓர் ஓரத்தில் மணமக்கள், அவர்களுக்கு நேராகக் கையை உயர்த்தியபடி அவர். மண்டப வாசலில் பிளெக்ஸாக அதைக் கட்டியிருந்தார்கள்.

வரவேற்பன்று மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். “கொடியைப் பிடிச்சுக்கிட்டே ஆசீர்வாதம் பண்றாரே, இவர்தான் பொண்ணுக்குத் தாய்மாமனுங்களா?” என்று அவர் கேட்டது, பக்கத்தில் பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்த என்னிடம்.