பாரலல் புரோகிராமிங் அரியர் கிளியர் ஆகிவிட்டது: ஹாலோ பரிமாற்றத்தில் நான் விழுந்த இடம்

ரிசல்ட் நேற்று இரவு வந்தது. போன செமஸ்டரில் லேபில் கவிழ்ந்த அதே பேப்பரை இந்த முறை தாண்டிவிட்டேன். மனதில் இருப்பது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஓப்பன்எம்பி, குடா (இவையும் பாரலல் புரோகிராமிங் கருவிகள்தான்) பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, அதில் எல்லோருக்கும் மார்க் வந்துவிடும். என்னைக் கவிழ்த்தது எம்பிஐ (ஒரே நேரத்தில் ஓடும் பல ப்ராசஸ்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரநிலை), அதிலும் பக்கத்து ப்ராசஸோடு ஓர வரிசையை மாற்றிக்கொள்கிற அந்த நாலு வரி.

கேள்வி வழக்கமான ஜகோபிதான்: கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் திரும்பத் திரும்ப மாற்றுவது. கட்டத்தைக் கிடைப் பட்டைகளாக நாலு ப்ராசஸுக்குப் பிரித்திருந்தேன். ஹாலோ வரிசைகளை (பக்கத்து ப்ராசஸின் ஓர வரிசையின் நகலை வைக்கும் கூடுதல் வரிசைகள்) நிரப்ப நான் எழுதியது இது: மேலே சென்ட், கீழே சென்ட், அப்புறம் இரண்டு ரிசீவ். வீட்டில் 100க்கு 100 கட்டத்தில் எத்தனையோ தடவை ஓட்டினேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. தேர்வில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்தில் வந்து "சைஸை 4000 ஆக்கு" என்றார். ஆக்கினேன். திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு டெர்மினலில் டாப் (எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் நாலு ப்ராசஸும் 100 சதவீதம். சரி, கட்டம் பெரிது, கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

எதுவுமே ஓடவில்லை, டெட்லாக்: ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாமே நின்றுவிட்டன. எம்பிஐ காத்திருக்கும்போது பெரும்பாலும் தூங்குவதில்லை, செய்தி வந்ததா வந்ததா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் சும்மா நிற்கிற ப்ராசஸும் டாப்பில் முழு வேகத்தில் உழைப்பது போலத் தெரியும். 100 டபுள் என்றால் 800 பைட். அவ்வளவு சின்னச் செய்தியை எம்பிஐ தன் பஃபரில் (தற்காலிக இடத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு சென்டை உடனே விட்டுவிடுகிறது. 4000 டபுள் 32,000 பைட். அந்த அளவுக்குப் போனதும், எதிர்ப்பக்கம் ரிசீவ் போடும்வரை சென்ட் திரும்பவில்லை. நாலு பேரும் சென்டிலேயே நின்றால் ரிசீவுக்கு யார் வருவது? இந்த எல்லை எத்தனை பைட் என்பது ஒவ்வொரு நிறுவலிலும் மாறும். சென்ட் பஃபரில் வைத்துக்கொள்ளும் என்று எம்பிஐ தரநிலை எங்கேயும் உறுதி தரவில்லை.

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதி முடித்ததும் எல்லா சென்டையும் எஸ்சென்ட் ஆக மாற்றி ஒரு தடவை ஓட்டுங்கள். எஸ்சென்ட் எதிர்ப்பக்கம் வாங்கத் தொடங்காமல் திரும்பவே திரும்பாது. அதில் நின்றுவிட்டால் உங்கள் புரோகிராம் இவ்வளவு நாளும் பஃபர் தயவில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே எழுத்து மாற்றம்தான். யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு செமஸ்டர் மிஞ்சியிருக்கும்.

இந்த முறை சென்ட்ரிசீவ் (அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்துச் செய்யும் அழைப்பு) போட்டேன். அதிலும் திசை முக்கியம். ஒரே அழைப்பில் மேலே அனுப்பு, கீழேயிருந்து வாங்கு. அடுத்த அழைப்பில் கீழே அனுப்பு, மேலேயிருந்து வாங்கு. மேலே அனுப்பி மேலேயிருந்தே வாங்கினால் நேர்வரிசையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகரும், வளையமாக இருந்தால் நின்றே போகும். வைவாவில் "சென்ட் போட்டால் என்ன ஆகும்?" என்றார். வாயால் சொல்லவில்லை, அவர் கண்முன்னாலேயே எஸ்சென்ட் போட்டு நிற்க வைத்துக் காட்டினேன். கண்ட்ரோல் சி அழுத்தி, சென்ட்ரிசீவுக்குத் திரும்பி ஓட்டினேன். ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விட்டார்.

நான் வீடியோ பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. தாளில் 0, 1, 2, 3 என்று நாலு பத்தி போட்டு, யார் எந்த வரியில் நிற்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

மற்றவை:

- ஓரத்து ரேங்குக்கு (ரேங்க் என்றால் ப்ராசஸின் எண்) இஃப் மேல் இஃப் எழுதாதீர்கள். ப்ராக் நல் (பக்கத்தில் யாரும் இல்லை என்பதைக் குறிக்கும் பொய் ரேங்க்) போதும், அதற்கு அனுப்புவதும் அதிலிருந்து வாங்குவதும் உடனே முடிந்துவிடும். வளையம் இல்லாத கட்டத்தில் கார்ட் ஷிஃப்ட் (பக்கத்து ரேங்குகளைச் சொல்லும் அழைப்பு) அதைத் தானே தரும், முதலில் சோர்ஸ் (யாரிடமிருந்து வாங்குவது), பிறகு டெஸ்ட் (யாருக்கு அனுப்புவது).
- சி மொழியில் நெடுவரிசை மெமரியில் தொடர்ச்சியாக இருக்காது. அதை ஒரே செய்தியாக அனுப்ப டைப் வெக்டர் போடும்போது ஸ்ட்ரைடில் (ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம்) ஹாலோவின் இரண்டு பத்தியையும் சேர்க்க வேண்டும். நான் விட்டேன், எண்கள் சாய்வாக வந்தன. அந்த டைப்பைப் பயன்படுத்தும் முன் கமிட் மறக்க வேண்டாம்.
- 5 புள்ளி ஸ்டென்சிலுக்கு (ஒரு புள்ளியைக் கணக்கிட எந்தெந்தப் புள்ளிகள் வேண்டும் என்ற வடிவம்) மூலை வேண்டாம், 9 புள்ளிக்கு வேண்டும். முதலில் இடவலம் முடித்துவிட்டு, வந்த ஹாலோ முனைகளையும் சேர்த்து மேல்கீழ் அனுப்பினால் மூலை தானாக வந்துவிடும், தனிச் செய்தி தேவையில்லை.
- தியரியில் பட்டையாகப் பிரிப்பதா, சதுரக் கட்டங்களாகப் பிரிப்பதா என்று கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். N×N, 16 ப்ராசஸ்: பட்டையில் நடு ப்ராசஸ் அனுப்புவது 2N எண், 4×4 கட்டத்தில் நாலு பக்கம் N/4 வீதம் N. ஆனால் செய்தி இரண்டுக்குப் பதில் நாலு. இந்தக் கடைசி வரியை விட்டுத்தான் போன தடவை தியரியிலும் மார்க் போனது.
- ஐசென்ட், ஐரிசீவ் (காத்திருக்காமல் உடனே திரும்பும் சென்ட், ரிசீவ்) போட்டுவிட்டு உட்பகுதியைக் கணக்கிடலாம். ஓர வரிசைகளை மட்டும் வெயிட்ஆல் (அவையெல்லாம் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) முடிந்த பிறகே தொடுங்கள்.