வரைபடத்தில் இல்லாத ஸ்டூல்

"இதுக்கு வேலி தேவையில்லை சேர், ஆக்கள் பக்கத்திலேயே நிண்டு வேலை செய்யலாம்." மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக் கையான கோபோட்டை விற்க வருகிறவர் தொழிற்சாலை முதலாளியிடம் சொல்லும் முதல் வசனம் இது. அடுத்த வசனம் விலை. இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விடப்படுவதைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. கொழும்பிலும் பேலியகொடை, இரத்மலானை, பியகமப் பக்கங்களிலும் ரோபோக் கையை மனிதருக்குப் பக்கத்தில் பொருத்த நினைக்கும் இடங்களுக்குப் போய் இடர் மதிப்பீடு எழுதிக் கொடுப்பேன்.

வேலி தேவையில்லை என்ற பேச்சு முழுப் பொய்யுமல்ல. 1996 இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கோல்கேட், பெஷ்கின் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கிய முதல் கோபோட் தானாக அசையாது. தள்ளுகிற பலம் மனிதனுடையது, எந்தப் பாதையில் போவது என்பதை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதனிடம் அடி வாங்க வேண்டுமென்றால் நாமே நம்மை இடித்துக்கொள்ள வேண்டும். 2008 இல் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் விற்கத் தொடங்கிய யுஆர்5 அப்படியல்ல. 5 கிலோவைத் தூக்கி 850 மில்லிமீட்டர் தூரம் எட்டுகிற கை அது, மூட்டுக்கு மூட்டு மோட்டார். இன்று சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மோதினால் உணர்ந்து நிற்கும், உண்மை. ஆனால் மோதிய பிறகுதான் நிற்கும்.

ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி கையைப் பற்றியதல்ல, அதன் நுனியில் என்ன இருக்கிறது என்பது. பேலியகொடைப் பக்கம் ஒரு தேயிலைப் பொதியிடும் தொழிற்சாலை. நிரப்பிய டின்களைக் கன்வேயரிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைக்கக் கோபோட் வாங்கியிருந்தார்கள். கையின் சான்றிதழ் கோப்பில் பத்திரமாக இருந்தது. அந்தச் சான்றிதழுக்கு நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரைத் தெரியாது, டின்னைத் தெரியாது, மூடியின் விளிம்பையும் தெரியாது. ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 என்ற சர்வதேசத் தரநிலையின் 2025 ஆம் ஆண்டுப் பதிப்பு இதில் தெளிவாக இருக்கிறது: தனியாகக் கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிடிக்கும் பொருள், மேசை, கன்வேயர், பக்கத்தில் நிற்கும் ஆள், எல்லாம் சேர்ந்த முழு வேலையைத்தான் மதிப்பிட வேண்டும்.

எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. 2016 இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற ஆவணத்தில் அது இருந்தது, இப்போது 10218 உடன் சேர்ந்துவிட்டது. அதிலுள்ள அழுத்த எல்லைகள், ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 100 பெரியவர்களின் உடலில் 29 இடங்களை மெல்ல அழுத்தி, அழுத்தம் எப்போது வலியாக மாறுகிறது என்று கேட்டுக் குறித்ததிலிருந்து வந்தவை. விசைக்கு வேறு எல்லைகள். மனிதரின் கையும் விரல்களும் எதற்காவது இடையில் அகப்பட்டால் 140 நியூட்டன் வரை. பின்வாங்க இடமிருந்து, பட்டென்று தட்டிவிட்டுப் போவதென்றால் அதன் இரு மடங்கு. முகத்துக்கு 65 மட்டும், அதற்கு இரு மடங்குச் சலுகை கிடையாது. இவை விசைக்கான எண்கள். ஒரு சதுர சென்ரிமீட்டரில் எவ்வளவு அழுத்தம் என்பதற்குத் தனி எல்லை இருக்கிறது, தேயிலை டின்னில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். விசை குறைவாக இருந்தாலும் மூடியின் மெல்லிய விளிம்பில் அது முழுவதும் ஒரு கோட்டில் குவிந்துவிடும். அளக்கும் கருவிக்குள் மனிதக் கையின் மென்மைக்கு ஏற்ற சுருள்வில்லும் மேலே இறப்பர் தட்டும் இருக்கும். அதன்மேல் ஒரு படலத்தை விரித்தால் அழுத்தம் கூடிய இடம் சிவக்கும். கன்வேயர் ஓரத் தகட்டுக்கும் டின்னுக்கும் நடுவே வைத்துச் சோதித்தபோது படலத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அந்தப் படலத்தை உற்பத்தி முகாமையாளரின் மேசையில் வைத்த பிறகு வேகத்தைக் குறைப்பது பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கிரிப்பர் டின்னை மூடிப் பக்கமாகப் பிடிக்காமல் அடிப்பக்கமாகப் பிடிக்கும்படியும் மாற்றினார்கள்.

ஆனால் அந்த இடத்தின் பெரிய ஆபத்து மூடி அல்ல.

வரைபடத்தில் ஒரு பெண் நின்றபடி வேலை செய்வதாக வரைந்திருந்தார்கள். கை நெஞ்சு உயரத்தில் சுழன்று போகிறது, ஆகவே படுவதென்றால் தோளில் அல்லது மேற்கையில் படும், எண்கள் சரி. நான் போன நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. பெட்டியின் மடிப்புகளை மூடிக்கொண்டிருந்தவர் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கியிருக்கும் பிள்ளை. "இது எப்பவும் இங்க இருக்கிறதா தங்கச்சி?" என்று கேட்டேன். சுப்பர்வைசர் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சேர். நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்கிப் போகுது. காலையில எடுத்து அந்தப் பக்கம் வச்சிருவோம்."

அவர் உட்கார்ந்தவுடன் நெஞ்சு இருந்த உயரத்துக்கு முகம் வந்துவிடுகிறது. நின்றபோது நியாயமாக இருந்த ஒரு பாதை, உட்கார்ந்தபோது கண்ணுக்கும் கன்னத்துக்கும் நேராகப் போகிறது. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை, புரோகிராமில் ஒரு வரிகூட மாறவில்லை. காலையில் எழுதினால் ஒரு மதிப்பீடு, மாலையில் எழுதினால் வேறொரு மதிப்பீடு.

முகாமையாளர் உடனே ஒரு தீர்வு சொன்னார்: ஸ்டூலை எடுத்துவிடுவோம். மிகச் சுலபம், செலவும் இல்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை எடுத்தால் அடுத்த கிழமை அந்த இடத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடை இருக்கும், அது ஸ்டூலைவிடத் தாழ்வானது, ஆடவும் செய்யும். இதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் நிற்கும் கால் எப்படியாவது உட்கார வழி தேடும். இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 12100 தரநிலை சொல்லும் ஒழுங்கும் இதுதான்: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு வை, அதற்கும் பிறகுதான் எச்சரிக்கைப் பலகையும் அறிவுரையும். நம் தொழிற்சாலைகளில் இந்த ஒழுங்கு தலைகீழ். பலகையை முதலில் அடித்துவிடுவார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

பெட்டி வைக்கும் மேசையை மறுபக்கம் திருப்பினோம். கை இப்போது அந்தப் பிள்ளையை விட்டு விலகிச் சுழல்கிறது, ஆள் பக்கமாக வரும் சிறிய துண்டில் மட்டும் தாழ்வாகவும் மெதுவாகவும் வருகிறது. ஸ்டூலுக்கு உயரம் நிர்ணயித்து, நிலத்தில் இடம் குறித்து, வரைபடத்தில் ஏற்றினோம். டின் ஒன்றுக்குக் கொஞ்சம் நேரம் கூடியது. முகாமையாளருக்கு அதில் இன்றுவரை மனத்தாங்கல்.

இன்னொரு இடத்தில், இரத்மலானையில், காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் சக்ஷன் கப்பால் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் கை. அங்கே நான் கேட்டது கரண்ட் பற்றி. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இந்தக் கேள்வியை நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது வேடிக்கைதான். கரண்ட் போனால் கையின் பிரேக் தானாக விழும், கை அந்தரத்தில் அப்படியே நிற்கும். ஆனால் கப்புக்குள் இருக்கும் வெற்றிடம் நிற்காது, மெல்லக் கசியும். ஜெனரேட்டர் எடுக்கும் வரைக்கும் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்குமா, கீழே நிற்பவரின் காலில் விழுமா? காற்றைத் திரும்ப உள்ளே விடாத எதிர்த்திசை வால்வும் வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் தாங்கியும் சேர்த்தால் பெட்டி தாங்கும். முதல் விலைப்பட்டியலில் அவை இரண்டும் இருக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் கை தானாக வேலையைத் தொடங்கக் கூடாது, ஓர் ஆள் வந்து பார்த்துப் பட்டனை அமுக்கிய பிறகே தொடங்க வேண்டும் என்பது அடுத்தது. இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

யாரும் யோசிக்காதது மூன்றாவது. ஒருவரின் கை நெரிபட்டிருக்கும்போது கரண்ட் போனால்? பிரேக் பிடித்த ரோபோக் கை சும்மா தள்ளினால் நகராது. சில மாதிரிகளில் மூட்டுக்கு மூட்டு பிரேக்கைக் கையால் விடுவிக்கலாம், சிலவற்றில் பலமாகத் தள்ளினால் நகரும். எதுவென்றாலும் அந்த ஷிஃப்டில் நிற்கும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அங்கே தெரிந்தவர் ஒருவர்தான், புரோகிராம் எழுதிய பொறியியலாளர். அவர் பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

இட நெருக்கடி தனிக் கதை. ஆள் நெருங்கினால் கையை மெதுவாக்கி நிறுத்தும் லேசர் ஸ்கேனர் பூட்டலாம் என்பார்கள். கணக்குப் பார்த்தால், மனிதன் விநாடிக்கு 1.6 மீட்டர் நடப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் கண்டு, சைகை போய், கை நிற்க அரை விநாடி என்றால் அதற்கே 0.8 மீட்டர். உடம்பு ஸ்கேனரில் படும் முன்பே நீளும் மனிதக் கைக்காக இன்னும் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆக, ரோபோவைச் சுற்றி இரண்டு மீட்டருக்குக் கிட்ட வெறும் தரை வேண்டும். கொழும்பில் அப்படி வெறும் தரை வைத்திருக்கும் தொழிற்சாலை எது? நடைபாதையே பெட்டிகளுக்கு நடுவில் பக்கவாட்டாகப் போகும் அளவுதான். பல இடங்களில் நல்ல கம்பி வேலியும் பூட்டும் கதவும் குறைந்த இடம் பிடிக்கும், குறைந்த காசும் ஆகும். இதைச் சொன்னால் கோபோட் வாங்கியவர் முகம் மாறும். வேலி வேண்டாம் என்றுதானே வாங்கினார். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பிறந்த காலத்தில் ஆபத்தான இயந்திரப் பாகத்துக்கு வேலி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தொழில் திணைக்களத்திலிருந்து வரும் பரிசோதகர் "வேலி எங்கே?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதி வைத்த மதிப்பீடு கையில் இருக்க வேண்டும். விற்பனைக் கையேடு அதற்குப் பதிலாகாது.

மதிப்பீட்டுப் படிவத்தில் "அணுகும் நபர்கள்" என்றொரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் "இயக்குநர், பராமரிப்பாளர்" என்று இரண்டு சொல் இருக்கும். இப்போதெல்லாம் நான் கேட்டில் இருக்கும் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறேன். இரவு ஒன்பதுக்கு நிலம் கழுவ வருகிறவர், அட்டைப்பெட்டி லொறியோடு வரும் உதவியாளர், எலிப்பொறி பார்க்க வருகிறவர், மேன்பவர் கம்பனி அனுப்பும் புதிய முகங்கள், எல்லோரும் அதில் இருப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கிழமைக்கு முன் இருந்த மேன்பவர் பெயர்களில் பாதி அடுத்த கிழமை இல்லை. அந்தக் கையோடு தினம் பழகியவருக்கு அது எப்போது திரும்பும் என்று தெரியும். புதிதாக வந்தவருக்குத் தெரியாது. மதிப்பீட்டில் "தப்பித்துக்கொள்ள முடியும்" என்று குறி போடும்போது பெரும்பாலும் பழகியவரை நினைத்துத்தான் போடுகிறார்கள்.

சிங்களத்திலும் தமிழிலும் படங்களோடு ஓர் அட்டை எழுதி, புதிதாக வருகிறவர் ஒவ்வொருவருக்கும் வேலை தொடங்கும் முன் அரை மணி நேரம் ரோபோக் கையைக் காட்டிப் பழக்க வேண்டும் என்று எழுதினேன். அந்த அரை மணி நேரச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதில் தொழிற்சாலைக்கும் மேன்பவர் கம்பனிக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும் வரை அந்த வரிசையில் நிரந்தர ஊழியர்கள் மட்டுமே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கையெழுத்து வைத்தேன்.