டேப்பஸ்ட்ரி ஜூரிக்கு நெய்யறவங்களுக்கு, நான் சொதப்பினதுல இருந்து கொஞ்சம்

ஃபைனல் இயர்ல மாடர்ன் ஆர்ட்டை டேப்பஸ்ட்ரியா (படத்தையே நூலால நெய்யற சுவர்த் துணி) நெய்யற ப்ராஜெக்ட் எடுத்து ஜூரிக்கு (வேலையைப் பாத்து மார்க் போடற குழு) ரெடியாகற ஜூனியர்ஸ் எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், எந்த பெயின்டிங்கை எடுக்கலாம்னு. எதை வேணா எடுங்க, அதுல எதை விடப்போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, எனக்கு இது புரியறதுக்குள்ள ஒரு மாசம் போச்சு.

நான் எடுத்தது கே.சி.எஸ். பணிக்கரோட 'வேர்ட்ஸ் அண்ட் சிம்பல்ஸ்' சீரிஸ்ல ஒண்ணு. எழும்பூர் ஓவியக் கல்லூரி பிரின்சிபலா இருந்தவர், 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சதும் அவர்தான். 1963ல இருந்து வரைஞ்ச இந்த சீரிஸ்ல குட்டி குட்டி எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்குக் குறின்னு நிரம்பி வழியும், எதையும் படிக்க முடியாது, அழகே அதான். நான் என்ன பண்ணேன்னா அதை அப்படியே பெருசாக்கி கார்ட்டூன் (நெய்யற சைஸ்லயே வரைஞ்ச மாதிரிப் படம்) போட்டு பாவுக்கு (தறில நெடுக்க கட்டின நூல்) பின்னாடி கட்டிட்டேன். என் பாவு இன்ச்சுக்கு 4 இழை, ஒரு சென்டிமீட்டர்ல ரெண்டு இழை கூட வராது, அதுல ஒரு சென்டிமீட்டர் எழுத்தை எப்படி நெய்யறது? நெய்ஞ்சேன், புழு நெளிஞ்ச மாதிரி வந்துச்சு. ரெண்டு நாள் வேலையை உக்காந்து பிரிச்சேன். அப்புறம் ஆறே ஆறு குறி மட்டும் வெச்சுகிட்டு ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 3 இன்ச் அகலமாக்கினேன், அதாவது 12 இழை, அப்பதான் மூச்சு வந்துச்சு.

அடுத்தது நெட்டுக்கோடு. ரெண்டு கலர் பக்கத்துல பக்கத்துல நேரா மேல ஏறினா நடுவுல பிளவு விழும், சாய்வா போனா படிக்கட்டு மாதிரி வரும். ஜாதகக் கட்டம் வேற இருக்கு! எங்க தறி மாஸ்டர் காஞ்சிபுரத்துக்காரர், டேப்பஸ்ட்ரியே நெய்ஞ்சதில்ல, ஒரு நிமிஷம் பாத்துட்டு "படத்தைப் படுக்கப்போட்டு நெய்யேம்மா"ன்னார். கார்ட்டூனை 90 டிகிரி திருப்பினதும் நீளமான கோடெல்லாம் ஊடையோட (குறுக்க ஓடற நூல்) போயிடுச்சு, பாதி பிளவு காணோம், மிச்சத்தை ஊசியால தைச்சேன். ஊடையை டைட்டா இழுக்காதீங்க, வில்லு மாதிரி வளைச்சு விட்டு அப்புறம் தட்டுங்க, நான் இழுத்ததுல 30 இன்ச் அகலம் மேல போகப்போக 27 ஆச்சு, ஜூரில முதல்ல கண்ணுல பட்டதே அதுதான்.

கலரை நூலா எண்ணுங்க. பிரான்ஸ்ல டேப்பஸ்ட்ரிக்குப் பேர்போன ஒபுஸான் ஊர்த் தறிகளுக்கு மறுபடி உயிர் குடுத்த ஓவியர் ழான் லூர்ஸா, கலரைக் குறைச்சு, கோடு மட்டும் போட்ட கார்ட்டூன்ல ஒவ்வொரு இடத்துக்கும் கலர் நம்பர் எழுதிடுவார். நானும் 11 ஷேடுக்கு இறங்கினேன். சாயம் போடும்போது கணக்கை விட கூடவே போட்டுக்கோங்க, பாதில தீர்ந்துபோய் திரும்ப போட்டா அதே மஞ்சள் வரவே வராது (என் பீஸ்ல வலது மூலை சாட்சி).

வைவால (நேர்ல கேள்வி கேக்கற தேர்வு) வெளில இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டது, "பெயின்டிங்தான் இருக்கே, எதுக்கு நெய்யணும்?" நான் பாரம்பரியம் அது இதுன்னு உளறினேன். என் ஃப்ரெண்ட் மட்டும் உதாரணத்தோட போனா, பிக்காசோ 1937ல கறுப்பு வெள்ளை சாம்பல்ல வரைஞ்ச குவெர்னிகாவை 1955ல ஜாக்லின் த லா போம் ட்யூர்பாக் நெய்யும்போது பழுப்பு ஷேடெல்லாம் வந்துச்சு, ஐநா பாதுகாப்பு சபை வாசல்ல தொங்கறது அதுதான்னு சொன்னா. நம்ம நாட்டுலயே கேட்டா சண்டிகர் ஹைகோர்ட் இருக்கு, அந்தக் கட்டடத்தோட ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே டிசைன் பண்ண ஒன்பது டேப்பஸ்ட்ரி, காஷ்மீர்ல நெய்ஞ்சது, கோர்ட் ஹால்ல எதிரொலியைக் குறைக்கறதும் அதோட வேலை. பெயின்டிங் செய்யாத ஒண்ணை துணி செய்யுதுன்னு காட்டணும், அவங்க கேக்கறது அதைத்தான்.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாப்பாங்க, நூல் வாலெல்லாம் சொருகி வைங்க. தறில இருந்து அறுக்கறதை ஜூரிக்கு பத்து நாள் முன்னாடியே முடிச்சிடுங்க, தையல், ஆவி புடிக்கறது, மேல மாட்டற கம்புக்கு மடிப்பு, எல்லாத்துக்கும் சேர்த்து எனக்கு எட்டு நாள் ஆச்சு.