பின்ட்டோவின் ஈ ஃபிளாட் மைனர் சொனாட்டா: பழைய லண்டன் அச்சிலிருந்து கீபோர்டுக்கு

வேலை இதுதான்: ஆங்கில இசையமைப்பாளர் ஜார்ஜ் ஃபிரெட்ரிக் பின்ட்டோவின் ஓபஸ் 3, முதல் சொனாட்டாவைப் பழைய தகட்டு அச்சின் ஸ்கேனிலிருந்து மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டு எழுதும் மென்பொருளில் ஏற்றி, வீட்டுக் கீபோர்டில் அந்தக் காலத்து பியானோவுக்கு நெருக்கமான ஒலியில் வாசிக்கும்படி அமைப்பது. மூன்று பகுதிகளில் முதல் பகுதி முடிந்தது.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். 1785 செப்டம்பர் 25 அன்று லண்டன் லாம்பெத்தில் பிறந்தவர், 1806 மார்ச் 23 அன்று செல்சியில் இறந்தார். இருபதரை வயது. தாய்வழித் தாத்தா தாமஸ் பின்ட்டோ பேர்பெற்ற வயலின்காரர். பேரன் அந்தக் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். ஹெய்டனை லண்டனுக்கு அழைத்துவந்த சாலமன்தான் பையனுக்கு வயலின் ஆசான். மேடை ஏறியது வயலினோடு. பியானோ பிறகு வந்தது, ஆனால் எழுதியதில் கனமானதெல்லாம் பியானோவுக்குத்தான். பையன் உயிரோடிருந்து ஊர்க்கேளிக்கைகளுக்கு மயங்காமல் இருந்திருந்தால் இங்கிலாந்துக்கு இன்னொரு மொஸார்ட் கிடைத்திருப்பார் என்று சாலமன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பின்ட்டோ பற்றி எங்கே படித்தாலும் இந்த வாக்கியம் வந்து நிற்கும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு நோட்டைப் பார்ப்பது உத்தமம். 1801 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், ஆறு ஃபிளாட் (நோட்டை அடுத்த கீழ்க் கட்டைக்கு இறக்கும் குறி) உள்ள ஸ்கேலில் முழு சொனாட்டாவை அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டில் வாசிப்பவர்களை நம்பித்தான் அன்றைக்கு லண்டனில் பியானோ நோட்டு விற்றது. அந்தச் சந்தையில் ஆறு ஃபிளாட் என்பது துணிச்சல்.

முதல் கட்டம்: ஸ்கேனைச் சுத்தம் செய்தல்

ஈயம், வெள்ளீயம் கலந்த மென்மையான தகட்டில் சுத்தியலும் குறி பதிக்கும் அச்சுளியும் வைத்து அடித்து உருவாக்கிய அச்சு இது. தாள் மெல்லியது. பின்பக்க மை முன்பக்கம் நிழலாகத் தெரியும். அந்த நிழலைப் போக்க கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் ஸ்டக்காட்டோ (நோட்டை வெட்டி வாசிக்கச் சொல்லும்) புள்ளிகளும் சேர்ந்து போய்விடும். குறைத்தால் மைத்துளி எல்லாம் புள்ளியாகிவிடும், சாதா க்ராட்செட் (ஒரு பீட் நோட்டு) டாட்டட் க்ராட்செட் (ஒன்றரை பீட்) ஆகிவிடும். கறுப்பு-வெள்ளையாக மாற்றாமல் கிரேயிலேயே 400 டிபிஐ வைத்துக்கொண்டு, சந்தேகமான புள்ளியை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் சரியாக வந்தது. மைத்துளிக்கு ஓரம் கலங்கலாக இருக்கும். அச்சுளியில் அடித்த புள்ளி வட்டம் சுத்தமாக இருக்கும், எல்லாப் புள்ளியும் ஒரே அளவாகவும் இருக்கும்.

தானாகப் படிக்கும் மென்பொருளில் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தது வீண். திருத்த ஆன நேரத்தில் கையால் இரண்டு பக்கம் ஏற்றியிருக்கலாம்.

இரண்டாம் கட்டம்: ஏற்றுதல்

பக்கத்துக்கு 50 நிமிடம் என்று ஆரம்பித்து, பழகியபின் 35 நிமிடத்துக்கு வந்தது. நேரத்தைத் தின்றவை நான்கு.

முதலாவது, க்ராட்செட் ரெஸ்ட். அன்றைய இங்கிலாந்து அச்சில் அது இன்று நாம் பார்க்கும் வளைந்து நெளிந்த குறியாக வராது. க்வேவர் ரெஸ்ட்டை (அரை பீட் மௌனக் குறி) கண்ணாடியில் பார்த்தமாதிரி, கொக்கி மறுபக்கம் திரும்பி இருக்கும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வுப் புத்தகம் படித்துப் பழகிய கண் அதை க்வேவர் ரெஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளும். நாலு பீட் பாரில் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) ஒரு க்ராட்செட், ஒரு க்ராட்செட் ரெஸ்ட், ஒரு மினிம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 + 1 + 2. ரெஸ்ட்டைத் தப்பாகப் படித்தால் 1 + ½ + 2, அதாவது மூன்றரை. மியூஸ்ஸ்கோர் இதைப் பிழை என்று கத்தாது. மீதி அரை பீட்டுக்குச் சத்தமில்லாமல் பாரின் கடைசியில் ஒரு க்வேவர் ரெஸ்ட்டை வைத்துவிட்டுப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வரியும் முடிந்ததும் பார் கடைசிகளை மட்டும் ஓட்டமாகப் பார்க்க வேண்டும். மூலத்தில் இல்லாத ரெஸ்ட் அங்கே நின்றால், அதே பாரில் முன்னே எங்கோ கொக்கியைத் தப்பாகப் படித்திருக்கிறோம்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். ஈ ஃபிளாட் மைனரில் பி, ஈ, ஏ, டி, ஜி, சி ஆறும் ஃபிளாட். சி ஃபிளாட் என்பது கையில் பி என்ற வெள்ளைக் கட்டை. மிடி கீபோர்டு (கணினியோடு இணைத்த கீபோர்டு) வழியாக ஏற்றும்போது மென்பொருள் ஸ்கேலைப் பார்த்து சி ஃபிளாட்டைப் பெரும்பாலும் சரியாக எழுதிவிடும். சறுக்குவது எஃப் ஃபிளாட்டில். அதே கட்டைதான் ஈ என்பதால் ஈ நேச்சுரல் என்று போட்டுவிடும். காதுக்கு வித்தியாசம் தெரியாது, கோர்டைப் படிக்கும்போது தலை சுற்றும்: எஃப் ஃபிளாட், ஏ ஃபிளாட், சி ஃபிளாட் என்று அடுக்காக நிற்கவேண்டியது சிதறிப்போகும். நோட்டைத் தேர்ந்து 'ஜே' விசையைத் தட்டினால் பெயர் மாறும். டபுள் ஃபிளாட் வரும் இடங்களை மிடியில் ஏற்றாமல் கணினி விசையில் எழுத்தாக ஏற்றுவதே வேகம்.

மூன்றாவது, அச்சுக்காரர் வைத்த இடம். முழு பாருக்கும் நிற்கும் செமிப்ரீவை அந்தக் காலத்தில் பாரின் நடுவில் வைப்பார்கள். மேலே ஓடும் நோட்டுகளோடு நேர்கோடு பார்த்தால் மூன்றாம் பீட்டில் தொடங்குவதுபோலத் தோன்றும். தொடங்குவது முதல் பீட்டில்தான். இதேபோல பார்க் கோட்டைத் தாண்டி ஒரு தனிப் புள்ளி நின்றால் அது மைத்துளி என்று தள்ளிவிடக் கூடாது. கோட்டுக்கு முன்னால் உள்ள நோட்டை நீட்டும் புள்ளியாக இருக்கலாம், அடுத்த பாரைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது, விரல் எண். அன்றைய லண்டன் முறையில் கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி, ஆள்காட்டி விரலுக்கு 1, சுண்டுவிரலுக்கு 4. இன்றைய முறையில் கட்டைவிரல் 1. ஈ ஃபிளாட் ஹார்மோனிக் மைனர் ஏறுவரிசைக்கு இன்று வலது கைக்கு நாம் போடுவது 3 1 2 3 4 1 2 3. அதையே பழைய முறையில் எழுதினால் 2 + 1 2 3 + 1 2. கூட்டல் குறி ஒன்றுகூட இல்லாமல் 1, 2, 3 மட்டும் உள்ள ஒரு துண்டைப் பார்த்தால் எந்த முறை என்றே தெரியாது, தப்பான விரலில் வாரக்கணக்கில் பழகிவிடுவோம். ஆக, அக்கால நோட்டுகளில் விரல் எண் கண்டால் முதலில் பக்கம் முழுக்க ஒரு கூட்டல் குறியைத் தேடுங்கள். இருந்தால் எல்லா எண்ணிலும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த ஸ்கேல் கையில் உட்கார ஒரு குறுக்குவழி: ஈ ஃபிளாட் என்பது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. இரண்டரைக் கட்டை ஸட்ஜமாக வைத்துக் கீரவாணி வாசித்தால் அதுதான் ஹார்மோனிக் மைனர். நடபைரவி வாசித்தால் நேச்சுரல் மைனர்: ஐந்து கறுப்புக் கட்டையும் வந்து, வெள்ளையில் எஃப், பி இரண்டு மட்டும் மிஞ்சும். பார்க்கப் பயமுறுத்தும் ஆறு ஃபிளாட் கைக்கு இவ்வளவு வசதியாக இருப்பதன் காரணம் இதுதான். நீள விரல்கள் கறுப்பில், கட்டைவிரல் வெள்ளையில். இடது கைக்கு 2 1 4 3 2 1 3 2.

மூன்றாம் கட்டம்: கட்டை எண்ணிக்கை

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 1790கள் வரை பொதுவாக இருந்த ஐந்து ஆக்டேவ் பியானோவுக்கும் 61 கட்டை, இன்று கடையில் கிடைக்கும் கீபோர்டுக்கும் 61 கட்டை. ஆனால் அது எஃப்-இல் தொடங்கி எஃப்-இல் முடியும், இது சி-யில் தொடங்கி சி-யில் முடியும். லண்டனில் பியானோ செய்த ப்ராட்வுட் 1790களிலேயே மேலே கட்டைகளைச் சேர்த்து ஐந்தரை ஆக்டேவ் ஆக்கிவிட்டார், பிறகு ஆறு ஆக்டேவும் வந்தது. ஐந்தரை ஆக்டேவ் என்றால் 68 கட்டை: கீழே எஃப் 1, மேலே சி 7 (எழுத்துக்குப் பின்னுள்ள எண் எந்த ஆக்டேவ் என்பதைக் காட்டும்). இன்றைய 61 கட்டை கீபோர்டின் உச்சமும் அதே சி 7. குறைவது முழுக்கக் கீழ்ப்பக்கம்: எஃப் 1 முதல் பி 1 வரை ஏழு கட்டை. இந்த ஏழில் பி ஃபிளாட் 1 இருக்கிறது. ஈ ஃபிளாட் மைனரில் பி ஃபிளாட் பஞ்சமம். இடது கை ஆக்டேவாக இறங்கித் தாங்க வேண்டிய ஆழப் பஞ்சமம் கீபோர்டிலேயே இல்லை என்றால் பாட்டு பாதியில் தொங்கும். ஆக்டேவ் பட்டனை அமுக்கி இறக்கினால் மேல் ஆக்டேவ் முழுக்கப் போய்விடும்.

76 கட்டை கீபோர்டு வழக்கமாக ஈ 1 முதல் ஜி 7 வரை. 68 கட்டையும் அதற்குள் அடங்கிவிடும். இந்தக் காலத்து இசைக்கு 88 வாங்கியே தீரவேண்டியதில்லை. 61 தான் இருக்கிறது என்றால் கீழ் ஆக்டேவ் நோட்டை மட்டும் மேலே மடித்துவிடலாம். அன்றும் இதே தலைவலி இருந்தது. வீட்டில் பழைய ஐந்து ஆக்டேவ் வைத்திருப்பவர்களுக்காக, கூடுதல் கட்டை இல்லாமலும் வாசிக்கும்படி மாற்று வரியைச் சேர்த்தே அன்றைய பதிப்பாளர்கள் அச்சிட்டார்கள்.

நான்காம் கட்டம்: சுருதி

1813-ல் லண்டன் ஃபில்ஹார்மானிக் சங்கம் வைத்த சுருதி ஏ = 424 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. 440-லிருந்து பார்த்தால் ஏறக்குறைய 65 சென்ட் குறைவு (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி நூறு சென்ட்). பல கீபோர்டுகளில் மாஸ்டர் டியூனிங் 415 வரை இறங்கும், நேராக 424 வைத்துவிடலாம். பிளேயர் மென்பொருளில் சென்ட் மட்டும் இருந்தால் −65. 50 சென்ட்டுக்கு மேல் இறங்காத கருவியில் டிரான்ஸ்போஸ் −1, ஃபைன் டியூன் +35.

டெம்பரமென்ட், அதாவது ஆக்டேவுக்குள் இடைவெளிகளைப் பங்கிடும் முறை, இதைவிட முக்கியம். சம இடைவெளி முறை ப்ராட்வுட் தொழிற்சாலையிலேயே 1846 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. பின்ட்டோ காதில் கேட்டது சமமில்லாத ஏதோ ஒரு முறை. மூன்று அமைப்புகள் போட்டுக் கேட்டாயிற்று.

மீன்டோன்: வேண்டாம். ஈ ஃபிளாட்டுக்கும் அதன் மேல் உள்ள எஃப் ஷார்ப்புக்கும் இடையே 269 சென்ட்தான். மைனர் தேர்டாக அது நிற்கவே நிற்காது. ஏ ஃபிளாட் மைனர் கோர்டு வந்ததும் 'ஓநாய் ஐந்தாம்' எனப்படும் சுருதி விலகிய பஞ்சம இடைவெளி ஊளையிடும். 'பழைய காலம் என்றால் மீன்டோன்' என்று கண்ணை மூடிக்கொண்டு தேர்வதால் வரும் வினை.

வெர்க்மைஸ்டர் 3: ஈ ஃபிளாட்–ஜி ஃபிளாட் 294 சென்ட் (சம முறையில் 300, சுத்த மைனர் தேர்ட் 316). ஜி ஃபிளாட்–பி ஃபிளாட் 408. மைனர் கோர்டு இறுகி, கொஞ்சம் கறுத்து ஒலிக்கிறது. பாட்டு மேஜருக்குத் திரும்பும்போது ஜி ஃபிளாட் மேஜரில் லேசான அதிர்வு. சி மேஜர் வாசித்துவிட்டு உடனே இங்கே வந்தால் இந்த ஸ்கேலை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது காதுக்கே புரிகிறது. கிர்ன்பெர்கர் 3 இதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வெர்க்மைஸ்டரோடே நிறுத்தியாயிற்று. பேஸ் (அடிப்படை) நோட்டு சி என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கருவி ஈ ஃபிளாட்டைப் பேஸாக எடுத்துக்கொண்டால் ஜி ஃபிளாட் மேஜரின் அந்த அதிர்வு குறைந்து, செய்த வேலை வீணாகும்.

ஐந்தாம் கட்டம்: பெடல், வேகம்

ஆங்கில பியானோவின் டேம்பர் (தந்தியின் ஒலியை அடக்கும் பாகம்) லேசானது. கட்டையை விட்டபின்னும் ஒலி கொஞ்சம் தங்கும். வியன்னா பியானோ சட்டென்று அறும். இதை டிஜிட்டலில் கொண்டுவர, ஃபோர்ட்டேபியானோ (அந்தக் காலத்துப் பியானோ) சாம்பிளில் ரிலீஸ் நேரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போய், ஸ்டக்காட்டோ கலங்கும் இடத்தில் ஒரு படி பின்வாங்க வேண்டும். கிராண்ட் பியானோ சாம்பிளில் இதைச் செய்தால் கீழ்ப்பக்கம் சேறாகிவிடும். பெடலைப் பாதி மிதிக்க, ஆன்-ஆஃப் மட்டும் தெரிந்த மலிவு பெடல் உதவாது. தொடர் அளவு காட்டும் பெடல் வேண்டும். கீபோர்டின் பெடல் துளை அதை ஏற்குமா என்று முதலில் பார்க்கவும்.

மெட்ரோனோம் எண்ணைத் தேடிப் பயனில்லை. மால்ஸெல் மெட்ரோனோமுக்கு உரிமம் வாங்கியது 1815-ல், பின்ட்டோ போய் ஒன்பது வருஷம் கழித்து. முதல் பகுதியின் தலைப்பு அலெக்ரோ மாடராட்டோ கான் எஸ்ப்ரெஸியோனே. வேகத்தை இரண்டு பக்கமிருந்து நெருக்கினோம். மேல் ஸ்தாயியில் நீளமாக நிற்கும் நோட்டு அதன் கடைசி வரை காதில் விழ வேண்டும், அது கீழ் எல்லை. மிக வேகமான ஓட்டத்தில் ஒவ்வொரு நோட்டும் தனியாகக் கேட்க வேண்டும், அது மேல் எல்லை. ஃபோர்ட்டேபியானோ சாம்பிளில் மேல் ஸ்தாயி சீக்கிரம் அடங்கும் என்பதால் கீழ் எல்லை நாம் நினைப்பதைவிட மேலேயே இருக்கிறது. இன்றைய கிராண்ட் ஒலியில் முடிவு செய்தால் பாட்டு இழுவையாகிவிடும்.

ஸ்லர்களைப் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகள்) பற்றி ஒரு வார்த்தை. ஏற்றும்போது அடுத்தடுத்த சின்ன ஸ்லர்களை இணைத்து நீளமாக்கத் தோன்றும், பார்க்க அழகாக இருக்கும் என்று. செய்யாதீர்கள். எழுதியவர் வயலின்காரர். இரண்டு மூன்று நோட்டுக்கு ஒரு ஸ்லர் என்பது வில்லின் ஒரு வீச்சு. ஸ்லர் முடியும் இடத்தில் கையை மெல்ல எடுத்துப் பாருங்கள், வரி பேச ஆரம்பிக்கும்.

மிச்சம்

இரண்டு பகுதிகள் பாக்கி. சந்தேகமான சில இடங்களை, 1980களில் இசை வரலாற்றாளர் நிக்கலஸ் டெம்பர்லி தொகுத்த 20 தொகுதி லண்டன் பியானோ நகல் பதிப்போடு ஒப்பிட வேண்டும். அடுத்து சி மைனர் சொனாட்டா, 1803. மூன்று ஃபிளாட்தான், எழுத்துக் குழப்பம் பாதியாகும். நண்பரான பியானோ கலைஞர் ஜான் ஃபீல்டுக்குப் பின்ட்டோ காணிக்கையாக்கியது அது. ஃபீல்டு 1802-லேயே தன் ஆசான் கிளெமென்டியோடு கிளம்பிவிட்டார், அச்சு வந்தபோது ரஷ்யாவில் இருந்தார். பின்ட்டோ அரைகுறையாக விட்டுப்போன இன்னொரு சி மைனர் சொனாட்டாவை அவர் இறந்தபின் இசையமைப்பாளர் வோல்ஃபல் முடித்துக் கொடுத்தார். அதையும் ஏற்றுவதாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. இரண்டும் ஒரே ஸ்கேல் என்பதால் கோப்பின் பெயரில் 'ஃபீல்டு', 'வோல்ஃபல்' என்று சேர்த்துவிடுவது நல்லது.