கறிவேப்பிலை அழகியிடம் ஏமாந்த கதை

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் பல்லுயிர்ப் பூங்காவில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வண்ணத்துப்பூச்சிகளையும் தும்பிகளையும் ஊசித்தட்டான்களையும் கணக்கெடுத்து வருகிறேன். திருவிதாங்கூர் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையைப் பார்க்க வருபவர்கள், நோட்டும் கையுமாக ஆமைபோல் ஊரும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். முறை என்னவோ எளிதுதான். பிரிட்டனில் சூழலியலாளர் எர்னஸ்ட் பொல்லார்டு 1970களில் வகுத்தபடி, ஒரே பாதையில் ஒரே சீரான வேகத்தில் நடந்து, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள்ளும் முன்னே ஐந்து மீட்டருக்குள்ளும் தென்படுவதை மட்டும் எழுத வேண்டும். உடல் சூடேறினால்தான் இவை பறக்கும் என்பதால் வெயில் ஏறிய பிறகே தொடங்குவேன்.

தொடக்க மாதங்களில் என் நோட்டில் சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் குவிந்திருந்தன. கறுப்புச் சிறகு, முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புத் திட்டுகள் என்று கண்டதும் எழுதிவிடுவேன். ஒருநாள் அவற்றில் ஒன்று கறிவேப்பிலைக் கன்றின் கொழுந்தருகே படபடத்தபடியே அடிவயிற்றை வளைத்து, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை இட்டுச் சென்றது. சிவப்புடல் அழகி முட்டையிடுவது ஈஸ்வரமூலிக் கொடியில். அந்தக் கொடியின் நஞ்சைப் புழுவாக இருக்கும்போதே தின்று சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையில் அதற்கு என்ன வேலை? அடுத்து வந்ததை உற்றுப் பார்த்தேன். உடலில் சிவப்பே இல்லை, முழுக்கக் கறுப்பு. நஞ்சே இல்லாமல் நஞ்சுள்ளதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு திரியும் கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியினத்தின் பெண்பூச்சி அது. பறவைகளை ஏய்க்கப் போட்ட வேடத்தில் நான் விழுந்திருந்தேன்.

அதன்பின் சிறகைவிட உடலையும், உடலைவிட அது நாடும் செடியையும் நம்புகிறேன். தும்பிகளிலும் இதே கதைதான். உட்காரும்போது சிறகை விரித்து வைத்தால் தும்பி, முதுகின்மேல் சேர்த்து மடித்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான் என்று பிரித்துவிடலாம். ஆனால் அது இங்கேயே பிறந்ததா, பறந்து வந்ததா என்பதைச் சிறகு சொல்லாது. அதற்கு நீரோரப் புல்தண்டுகளைக் குனிந்து தேட வேண்டும். முதுகு பிளந்து, கால்கள் தண்டைக் கவ்வியபடியே காய்ந்து நிற்கும் வெற்றுத் தோல் கிடைத்தால், அந்த நீரில் வளர்ந்து ஏறி வந்ததற்கு அதுவே சாட்சி.

பழைய பக்கங்களில் உடல் நிறம் குறிக்காத சிவப்புடல் அழகிகள் அத்தனையையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘இரண்டில் ஒன்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.