கேமரா எப்போது மலையேறும்?

மூணாறில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். டெஸ்க்கில் சுலபமாக எடுபடும் படங்கள் காட்டு யானை, குறிஞ்சிப்பூ, நிலச்சரிவு. கொழுந்து எடுக்கிற பெண்களும் வருவார்கள், பச்சைக்கு நடுவே முகம் தெரியாமல்.

2015 செப்டம்பரில் அவர்கள் முகம் தெரிந்தது. போனஸைக் குறைத்ததும், 232 ரூபாய் நாள்கூலி வாங்கிய பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை, பெண்களின் ஒற்றுமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பேர். தமிழன் என்றால் காமெடி சீனில் வருகிற ஆள் என்று பழகிப்போன மலையாள வீடுகளில், ராத்திரிச் செய்தியில் இவர்கள் பேச்சு ஓடியது. ஒரு அக்கா என் சட்டையைப் பிடித்துச் சொன்னார்: "தம்பி, போட்டோ போடு, பேரு போடாத. நாளைக்கு அதே மலைக்குத்தான வேலைக்குப் போகணும்." ஒன்பது நாளில் பழைய 20 சதவீதம் கைக்கு வந்தது.

படத்துக்கு அந்த வலிமை உண்டு. 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள்மீது நாயை ஏவியதையும் தண்ணீரைப் பீய்ச்சியதையும் அமெரிக்கா டிவியில் பார்த்தது. காவல்துறையை வைத்திருந்த புல் கானரின் முன்கோபத்தைக் கணக்குப் போட்டுத்தான் கறுப்பின உரிமை இயக்கத்தார் அந்த ஊருக்கே போனார்கள். மறுவருஷம் சிவில் உரிமைச் சட்டம் வந்தது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1968-ல் வந்த கெர்னர் குழு அறிக்கை. அமெரிக்க நகரக் கலவரங்களை விசாரிக்கப் போன குழு, பத்திரிகைகளையும் விடவில்லை. கலவரத்தைக் காட்டினீர்கள், அதற்கு முன் அந்தத் தெருவில் எப்படிப் பிழைத்தார்கள் என்று காட்டினீர்களா என்று கேட்டது. செய்தித்துறையின் ஆசிரியர் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதம்கூட இல்லை என்றும் சொன்னது. லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் எத்தனை பேர் நியூஸ்ரூமில் இருக்கிறார்கள் என்று இங்கேயும் எண்ணலாம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 70 பேர். சிக்னல் இல்லாததால் வெளியே தெரிய விடிந்துவிட்டது. 7-ஆம் தேதி இரவு கோழிக்கோடு விமான நிலையம் இருக்கிற கரிப்பூரில் விமானம் விழுந்தது, இறந்தவர்கள் 21 பேர். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. அதிலும் குறையில்லை, அவர்களில் பலர் வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பியவர்கள்தான். முதலமைச்சர் மறுநாளே கரிப்பூர் போனார், பெட்டிமுடிக்கு 13-ஆம் தேதி வந்தார். மழை, ரோடு என்று அதற்குக் காரணம் சொல்லலாம். இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்த தொகை அங்கே 10 லட்சம், இங்கே 5 லட்சம். அதற்கு மழை காரணமில்லையே!

இப்போதெல்லாம் ஒன்றும் நடக்காத நாளிலும் லயத்துப் படங்களை அனுப்புகிறேன்.

"அண்ணே, இதுல நியூஸ் என்ன?" என்பான் டெஸ்க் தம்பி.

"ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஆறு பேரு. கீழ எழுதியிருக்கேன் பாருப்பா."

விளம்பரம் குறைவான நாளில் சிலது வந்திருக்கிறது.