காற்றைக் கூட்டியிருக்கலாமா?

எங்கள் பாய்லரில் சூடான துகள்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்று அவற்றை ஃபர்னஸுக்குள் மேலே தூக்கும், சைக்ளோன் என்ற சுழல் பிரிப்பான் பிடிக்கும், லூப் சீல் என்ற வளைந்த குழாய் வழியாக, அடியில் ஊதும் காற்றின் உதவியோடு, அவை ஃபர்னஸுக்குத் திரும்பும். அன்று அந்தத் திரும்பும் வழி அடைத்துக்கொண்டது.

"காற்றைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் சார். மெட்டீரியல் எங்கேயும் போகல, லூப் சீல்லதான் நிக்குது" என்றார் கட்டுப்பாட்டு போர்டில் இருந்த அண்ணன். நான் எரிபொருளை நிறுத்தச் சொன்னேன். நடந்தது இவ்வளவுதான். ஆனாலும் மனது அங்கேயே சுற்றுகிறது.

பெட் பிரஷர், அதாவது ஃபர்னஸில் எவ்வளவு துகள் இருக்கிறது என்று காட்டும் அழுத்தம், இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே வெப்பநிலை 870-லிருந்து ஏறி 900 டிகிரியைத் தாண்டியது. ஃபர்னஸ் உச்சியிலோ குறைந்துகொண்டே வந்தது. சூட்டை மேலே தூக்கிப் போய்ச் சுவர்க் குழாய்களுக்குக் கொடுப்பது பறக்கும் துகள்கள்தான். சைக்ளோன் பிடித்த துகள்கள் கீழே திரும்பாவிட்டால் சூடு அடியிலேயே தேங்கிவிடும். கந்தக டைஆக்சைடும் ஏறத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் அதை நன்றாகப் பிடிப்பது 850 டிகிரியை ஒட்டித்தான். இதுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

என் பயம் இரண்டு. சூடு இன்னும் ஏறினால் சாம்பல் இளகிக் கிளிங்கராக, கல் போன்ற கட்டியாக, இறுகும். அதைவிட மோசம், குழாயில் நிற்கும் மொத்த மெட்டீரியலும் ஒரே மூச்சில் ஃபர்னஸுக்குள் சரிவது. அண்ணனின் பயம் வேறு: நிறுத்தினால் குழாயில் இருப்பது அமுங்கி இறுகிவிடும், அப்புறம் ஆள் இறங்கித்தான் எடுக்கணும். ஆள் இறங்கித்தான் எடுத்தோம். அது உண்மை.

திறந்து பார்த்தபோது, லூப் சீலில் காற்று ஊதும் நாசில்கள் மேல் உள்ளங்கை அகல ரிஃப்ராக்டரித் துண்டு (சூட்டைத் தாங்கும் உட்பூச்சின் துண்டு) ஒன்று படுத்திருந்தது. எந்தக் காற்றும் இதை நகர்த்தியிருக்காது என்று எனக்கு நிம்மதி. அண்ணன் கம்பியால் ஓரத்தைத் தொட்டார். சாம்பல் பொலபொலவென்று கொட்டியது. "சுத்தி எல்லாம் லூசாத்தான் இருக்கு சார்" என்றார். கல்லை நகர்த்த வேண்டியதில்லை, அதைச் சுற்றி வழி கிடைத்திருந்தால் போதும் என்கிறார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கனமான எண்ணெயை வினையூக்கித் துகள்களால் உடைக்கும் எஃப்சிசி யூனிட்டிலும் துகள்கள் இப்படித்தான் சுற்றி வருகின்றன. 1942-லிருந்து ஓடும் தொழில்நுட்பம். ரீஜெனரேட்டர் என்ற கலத்தில் தன்மேல் படிந்த கரியை எரித்துச் சூடான வினையூக்கி திரும்பி வந்துதான் எண்ணெயை உடைக்கிறது. ஆனால் அங்கே குழாயில் ஸ்லைடு வால்வு உண்டு. அதன் அழுத்த வேறுபாடு அளவுக்குக் கீழே போனால், எண்ணெயும் காற்றும் கலந்துவிடாதபடி அது தானாக மூடிக்கொள்ளும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் லூப் சீலில் அசையும் பாகமே கிடையாது. வால்வின் வேலையைக் காற்றுதான் பார்க்கிறது. அதன் எளிமையே அதன் பலம் என்று புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லித் தந்திருக்கிறேன். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த எளிமையால், அங்கே இயந்திரம் எடுக்கும் முடிவு இங்கே இரண்டு பேரின் வாக்குவாதமாகிவிடுகிறது. அப்படியானால் இங்கேயும் தானாக ட்ரிப் ஆகட்டும், பாய்லர் தானே நின்றுவிடட்டும் என்று சொல்லலாமா? சொன்னால், அண்ணன் காற்றைக் கூட்டியே மீட்டெடுத்த பழைய ஷிஃப்டுகளை என்ன செய்வது? அவற்றில் சில என் கண் முன்னால் நடந்தவை.

பெட் பிரஷர் ஃபர்னஸில் இருப்பதை மட்டும்தான் சொல்கிறது. மீதி எங்கே நிற்கிறது என்று சொல்வதில்லை. அதனால் திரும்பும் குழாயில் உயர வாரியாக அழுத்தமும் வெப்பநிலையும் அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணனிடமும் காட்டினேன். "போடுங்க சார், ஆனா அந்த டேப்பிங் முதல்ல சாம்பல் அடைச்சுக்கும்" என்றார், அழுத்தம் எடுக்கும் துளைகளைச் சொல்லி. அடைக்காமலிருக்க அவற்றில் பர்ஜ் காற்று ஊதிக்கொண்டே இருக்கலாம் என்றேன். எவ்வளவு கொடுப்பது என்பதில் மறுபடி ஆரம்பித்துவிட்டோம்.